எலும்பில் கோடை இட்ட கோடு

இன்று காலை வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்திருந்தார். அவர் தின்னர் டப்பாவைத் திறந்ததும் அந்த நெடி சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. தோசையைக் கல்லிலேயே விட்டுவிட்டு, கரண்டியும் கையுமாக வாசலில் போய் நின்றேன். "நெடி கொஞ்சம் தூக்கலாத்தானுங்க இருக்கும், கதவைச் சாத்திக்கங்க" என்றார். "இல்லீங்க, இருக்கட்டும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தின்னர் வாசனைக்காக வாசலில் வந்து நிற்கிற பெண்ணை அவர் முன்பு பார்த்திருக்க மாட்டார்.

உனக்கு விளக்க வேண்டியதில்லை. நம் ஆய்வுக்கூடத்துச் சைலீன் வாசனைதான் அது. எலும்பைச் சுற்றியிருக்கும் மெழுகைக் கரைப்பதற்காக ஐந்து வருஷம் அதில்தான் கை நனைத்தோம். துப்பட்டாவில் இருந்தது, சாப்பாட்டு டப்பாவில் இருந்தது, கூந்தலில்கூட இருந்தது. "பெட்ரோல் பங்க்லயா கண்ணு படிக்கிறே?" என்று உன் அம்மா ஒருநாள் உன்னைக் கேட்டதாகச் சொல்லிச் சிரித்தாய்.

தோசை கருகிவிட்டது. அதைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தபோதுதான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ போய் இரண்டாவது வருஷம் நடக்கிறது. அழுது எழுதினால் பாதியிலேயே மடித்து வைத்துவிடுவாய். அதனால் ஓணான்களைப் பற்றி எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே நாளில் ஆய்வு மாணவிகளாகச் சேர்ந்தோம். துறையில் நம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மேசைதான் இருந்தது. நீ தோளில் பையோடு நின்றுகொண்டு, "ஏனுங்க, இதுல பாதி எனக்குன்னு சொன்னாங்க. எந்தப் பாதின்னு நீங்களே சொல்லிருங்க" என்று கேட்டாய். நான் கொஞ்சமும் கூச்சப்படாமல் ஜன்னல் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். ஓணான் என்ன தின்கிறது என்பது என் ஆய்வு. அதன் வயிற்றுக்குள் ஊசிக்குழாயால் தண்ணீர் விட்டு வாந்தி எடுக்க வைத்து, வந்த எறும்பையும் வண்டையும் எண்ணுவேன். காட்டில் திரியும் ஓணானுக்கு என்ன வயது, அது எந்த வயதில் எவ்வளவு வளர்கிறது என்பது உன் ஆய்வு. அதற்கு நீ அதன் கால்விரல் நுனியில் ஓர் எலும்பை எடுப்பாய். நுனி மட்டும்தான். அதை அமிலத்தில் ஊறவைத்து மெதுவாக்கி, மெழுகில் பதித்து, வெற்றிலையைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பாய். எலும்பு வளர்ந்த காலம் அகலமான பட்டையாகத் தெரியும். வளர்ச்சி நின்ற காலம் கரிய கோடாகத் தெரியும். கோடுகளை எண்ணினால் வயது. கோடுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அளந்தால் வளர்ச்சி. முதல் தடவை நீ இதை எனக்குச் சொன்னபோது, "அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டேன். "அவ்வளவுதானுங்க" என்றாய். அந்த 'அவ்வளவுதான்' நம்மை என்ன பாடு படுத்தப்போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

நமக்குள் இருந்த 'ங்க' எப்போது உதிர்ந்தது என்று நினைவிருக்கிறதா? கல்லூரி மைதானத்து வேலியில் நான் பிடித்த முதல் ஓணான் என் கட்டைவிரலைக் கவ்வியது. கவ்விய பிடியை விடவில்லை. "கையை ஆட்டாதீங்க, அதுவா விட்டுரும்" என்றாய். நான் ஆட்டினேன். "ஏனுங்க, ஆட்டாதீங்கன்னு சொல்றேன்ல" என்றாய். நான் இன்னும் வேகமாக ஆட்டினேன். "அட ஆட்டாதே புள்ள" என்று கத்தினாய். ஓணான் விட்டுவிட்டது. 'ங்க'வும் அன்றோடு போயிற்று. ஆனால் ஓணானிடம் மட்டும் நீ கடைசி வரைக்கும் மரியாதை குறைக்கவே இல்லை. விரல் நுனியை நறுக்கும் முன், "கொஞ்சம் பொறுத்துக்கங்க சாமி, ஆச்சு, ஆச்சு" என்பாய். மருந்து தடவி, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடும்போது, "போய்ட்டு வாங்க" என்பாய்.

முதல் வருஷம் முடிந்ததும் ஆய்வுக்குழு முன்னால் நின்றாய். வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். உன் படங்களைப் பார்த்துவிட்டு, "குளிர் நாட்டுல பனிக்காலம் வந்தா பல்லி, ஓணான் எல்லாம் சுருண்டு படுத்துரும். வளர்ச்சி நிக்கும், எலும்புல கோடு விழும். சரி. உங்க கோயமுத்தூர்ல எந்த மாசம்மா பனி பெய்யுது?" என்றார். அறையே சிரித்தது.

"பனி பெய்யாதுங்க சார். ஆனா கோடு இருக்குதுங்க."

"இருக்கட்டும். அது வருஷத்துக்கு ஒண்ணுன்னு யாரு சொன்னது? ரெண்டு விழுந்தா? மூணு விழுந்தா? உன் கணக்கு அத்தனையும் போச்சே."

நீ உன் படத்தைத் திரும்பி ஒருமுறை பார்த்தாய். பிறகு, "தெரியலீங்க சார். பாத்துட்டு வந்து சொல்றேனுங்க" என்றாய்.

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. டீக்கடையில் நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டே, "அவரு கேட்டது சரியான கேள்விதான் புள்ள. எனக்கே தோணியிருக்கணும்" என்றாய். பன் முடிவதற்குள் வழியும் கண்டுபிடித்துவிட்டாய். ஓர் ஓணானின் ஒரு விரலை இந்த வருஷம் எடுக்க வேண்டும். அதே ஓணானை அடுத்த வருஷம் தேடிப் பிடித்து இன்னொரு விரலை எடுக்க வேண்டும். புதிதாக எத்தனை கோடு விழுந்திருக்கிறது என்று பார்த்தால் தீர்ந்தது. வெட்டுப்பட்ட விரலே அடையாளம் என்பதால் வேறு குறி வைக்க வேண்டியதில்லை. "ஒரு வருஷம் அதே எடத்துல அசையாம இருக்கற ஓணான் வேணும். எவனும் கல்லெடுத்து எறியாத எடமா இருக்கணும். எங்க கெடைக்கும்?" என்று கேட்டாய்.

எனக்கு உடனே உடுமலைப்பேட்டைக்குக் கிழக்கே இருக்கும் என் மாமாவின் கொறங்காடு நினைவுக்கு வந்தது. மாடு மேய விட்டிருக்கும் புல்காடு. சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி. அந்த வேலியில் ஓணான் இல்லாத முழம் கிடையாது.

உக்கடத்தில் பஸ் ஏறினோம். கையில் ஆளுக்கொரு தூண்டில் கம்பு. ஓணானைச் சுருக்குப் போட்டுப் பிடிக்க நுனியில் நைலான் கண்ணி கட்டியிருந்தோம். கண்டக்டர் கம்புகளைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். "ஏனுங்கம்மணி, குளம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலதானுங்க இருக்குது. உடுமலைக்கு எதுக்குங்க டிக்கெட்?" என்றார். நீ முகத்தை மாற்றாமல், "இந்தக் கொளத்து மீனு புளிக்குதுங்க" என்றாய். பொள்ளாச்சி வரைக்கும் அவர் அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த முதல் பயணத்தில் எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. உனக்கும் அது தெரிந்திருந்தது. வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்ததும் அத்தை கேட்டார்.

"எந்த ஊருங்க கண்ணு? அப்பா என்ன பண்றாங்க?"

"தொண்டாமுத்தூர்ப் பக்கமுங்க அத்தை. அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குத்தானுங்க போறாங்க. வெங்காயம் போடறது, வாழைக்குத் தண்ணி கட்டறது, எல்லாமுங்க. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க."

அத்தை ஒரு நிமிஷம் உன்னைப் பார்த்தார். "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சமையலறையில் பாத்திரங்கள் சத்தம் கேட்டது. ஒரே தட்டில் ஒரே மாதிரி மூன்று எவர்சில்வர் தம்ளர்கள் வந்தன. அத்தையும் நம்மோடு உட்கார்ந்து குடித்தார். திரும்பி வரும் பஸ்ஸில் நீ என் காதில் சொன்னாய்: "உங்க அத்தை தட்டைக் கொண்டுவரும்போது நீ தம்ளரையே பாத்துட்டு இருந்தே. நான் உன்னையத்தான் பாத்துட்டு இருந்தேன். முகத்துல ரத்தமே இல்லை." சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் தாமதமாக.

ஆடி தொடங்கி ஐப்பசி வரைக்கும் வாரக்கடைசிகள் எல்லாம் அந்த வேலியில் போயின. மாடு மேய்ப்பவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். கொறங்காட்டுக்குள் நுழையும் கடவில் இரண்டு கல்தூண்கள். அதில் இடப்பக்கத்துக் கல் மேல் ஒரு பெரிய ஆண் ஓணான் கழுத்தெல்லாம் சிவந்து, தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மாமாவுக்கு அதன் மேல் தனி அபிமானம். "இவன் நம்ம காட்டுக்குக் காவக்காரன். நான் கல்யாணமான புதுசுல இருந்து இவனைப் பாக்கறேன்" என்பார். அதைப் பிடித்து விரல் எடுத்தபோது மாமா தள்ளி நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தை மாதம் அத்தை போன் பண்ணினார். திருப்பூரில் இருக்கும் மகன் வந்து சொல்லிவிட்டுப் போனானாம், கிளுவை வேலியை அடியோடு பிடுங்கிப்போட்டுக் கம்பி வேலி போட்டுவிடலாம் என்று. மாமாவும் சரி என்றுவிட்டார். மாசி பிறந்ததும் ஆள் வருகிறதாம். உடனே உன்னிடம் ஓடி வந்தேன். நாம் விரல் எடுத்த அத்தனை ஓணானும் அந்த வேலியில்தான் இருந்தது. வேலி போனால் உன் ஆய்வும் போயிற்று. "எங்கம்மாவை உட்டுப் பேசச் சொல்றேன். தங்கச்சி சொன்னா மாமா தட்ட மாட்டாரு" என்றேன்.

நீ வேண்டாம் என்றாய். "உங்கம்மா கேட்டா உனக்காக உடுவாரு. ஓணானுக்காக உடணும். நானே கேட்டுப் பாக்கறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துறைத்தலைவரிடம் கெஞ்சி வாங்கிய நுண்ணோக்கியை மடியில் வைத்துக்கொண்டு உடுமலை வரைக்கும் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தாய். குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மா உண்மையிலேயே, "என்ன குழந்தைங்க?" என்று கேட்டுவிட்டு, துணியை விலக்கிப் பார்த்துத் திகைத்துப் போனார்.

மாமா வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னாய். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரிங் கண்ணு. ஓணானுக்கு வயசு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

ஆராய்ச்சி, அறிவியல் என்று நீ பெரிதாக ஏதாவது சொல்லுவாய் என்று நினைத்தேன். "ஒண்ணும் ஆகப்போறதில்லீங்க மாமா" என்றாய். "அதுபாட்டுக்கு நம்ம வேலியில இருக்குது. எத்தனை வருஷமா இருக்குதுன்னு யாருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்க வழி இருந்தும் தெரிஞ்சுக்காம இருக்கறது எனக்கு ஒரு மாதிரி அரிச்சுட்டே இருக்குதுங்க."

மாமா சிரித்தார். "மாட்டுக்குன்னா வாயைத் தொறந்து பல்லைப் பாத்துச் சொல்லிருவேன். இதுக்கு எதைப் பாக்கறது?"

"அதைத்தானுங்க கொண்டாந்திருக்கேன்."

வெளிச்சம் விழும்படி நுண்ணோக்கியை ஸ்டூல் மேல் வைத்து, கண்ணாடித் தகடு ஒன்றைச் செருகினாய். மாமா குனிந்து கண்ணை வைத்தார். வெகுநேரம் பார்த்தார். "கம்பி கம்பியா ஏதோ தெரியுதுங் கண்ணு."

"அது உங்க கண் இமைங்க மாமா. கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாருங்க."

மீண்டும் பார்த்தார். இந்த முறை அவர் முதுகு அசையாமல் நின்றது. "சின்ன வெங்காயத்தைக் குறுக்கால வெட்டுனாப்பல இருக்குது" என்றார் மெதுவாக. "ஆமாங்க. நடுவுல ஓட்டை தெரியுதுங்களா, அது எலும்புக்குள்ள மச்சை இருந்த எடம். அதைச் சுத்திக் கறுப்பா ஒரு கோடு ஓடுதுங்களா?" "ஓடுது." "அது போன கோடைங்க. தீனி இல்லாம வளராம இருந்த காலம்." மாமா நிமிர்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அத்தையைக் கூப்பிட்டார். அத்தை பார்த்துவிட்டு, "இந்த ஊதாக் கலர்ல ஒரு சேலை எடுக்கோணும்" என்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்தார்கள். பால் ஊற்ற வந்தவர் கேனைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் நின்றார்.

எல்லோரும் பார்த்து முடித்ததும் மாமா கேட்டார். "இது எவனோட எலும்பு?"

"கடவுக்கல்லு மேல உக்காந்திருப்பாருல்லீங்க, அவரோடதுதானுங்க."

"ஒரு கோடுதான இருக்குது."

"ஒரு வயசு முடிஞ்சிருக்குதுங்க. அவ்வளவுதான்."

மாமாவின் முகம் மாறிவிட்டது. "அவனுக்கா? என்ர கல்யாணத்துல இருந்து பாக்கறேன்னு சொல்றேன்."

"அது இவரில்லீங்க மாமா. இவரோட தாத்தாவுக்குத் தாத்தாவா இருக்கலாம். இல்லீன்னா பங்காளியா இருக்கலாம்."

"அதே மூஞ்சி கண்ணு."

"அதே கல்லுங்க மாமா. மூஞ்சி வேற."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். காரியம் கெட்டது என்று நினைத்து நான் உன் கையைக் கிள்ளினேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி. அடுத்த வருஷம் அவனைப் புடி. அதே ஆளு கல்லு மேல இருக்கறான்னு நான் காட்டறேன். அது வரைக்கும் வேலியை ஒருத்தனும் தொட வேண்டாம்" என்றார். உன்னைப் பொய்யாக்குவதற்காகவே அந்த மனிதர் வேலியைக் காப்பாற்றினார். திரும்பும்போது நீ நுண்ணோக்கியை மடியில் வைத்துக்கொண்டு உடுமலையிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் தூங்கினாய்.

அந்த வருஷம் கோடை முரண்டு பிடித்தது. சித்திரையில் ஒரு நல்ல மழை பெய்தது. பிறகு ஆனி முடியும் வரைக்கும் ஒரு சொட்டு இல்லை. நான் மாதாமாதம் வேலிக்குப் போய் ஓணான்களுக்கு வாந்தி எடுக்க வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். ஆடியில் கிளுவை துளிர்த்ததும் நீயும் வந்துவிட்டாய். முதலில் பிடித்தவை எல்லாம் புது ஓணான்கள். விரல்கள் முழுசாக இருந்தன. வேலி முள்ளில் கீச்சான் குருவி தின்பதற்காகக் குத்தி வைத்திருந்த ஓணான் ஒன்றைப் பார்த்தோம். அதற்கு விரல் ஒன்று குறைந்திருந்தது. அன்று மத்தியானம் அத்தை கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தை இருவரும் அப்படியே திருப்பி எடுத்துப் போனோம்.

மறுநாள் மேற்கு வேலியில், மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில், சினையாக இருந்த ஒரு பெண் ஓணான் என் கண்ணியில் விழுந்தது. கையில் எடுத்தேன். பின்னங்காலில் ஒரு விரலின் நுனி இல்லை. உன்னைக் கூப்பிட்டேன். ஓடி வந்து பார்த்தாய். அப்படியே தரையில், சாணி கிடந்ததைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாய். "வந்துட்டீங்களா" என்று அதனிடம் கேட்டாய். அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நிறையப் பேர் இல்லை. ஆனால் போதுமான பேர்.

கடவுக்கல் மேலும் ஓர் ஆண் உட்கார்ந்திருந்தான். சிவந்த கழுத்து, அதே தலையாட்டல். மாமா நேரிலேயே வந்து நின்றார். பிடித்து அவர் கண்முன் நீட்டினாய். "விரலைப் பாருங்க மாமா." மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு காலையும் பார்த்தார். எல்லா விரலும் இருந்தது. நீ எடுத்த விரல் அங்கே குறையவில்லை என்றால் இது அந்த ஓணான் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "முளைச்சிருக்கும்" என்றார்.

"வாலு முளைக்கறது வீட்டுப் பல்லிக்குங்க மாமா. ஓணானுக்கு வாலும் முளைக்காது, விரலும் முளைக்காது."

"நல்ல தீனி தின்னா முளைக்கும்" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். இந்த வழக்கு அதன் பிறகு எத்தனையோ வருஷம் நடந்தது. பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்ல நீ போன் பண்ணினால் மாமா முதலில் சொல்வது, "காவக்காரன் நல்லா இருக்கறான் கண்ணு" என்பதுதான். நீ, "பேரன் பேத்தியெல்லாம் சௌக்கியங்களா?" என்று திருப்பிக் கேட்பாய்.

எலும்புகளைச் சீவிய வாரம் இன்னும் மறக்கவில்லை. சீவும் கருவியில் மெழுகு ஏடுகள் ரிப்பன்போல் நீண்டு வரும். மூச்சுக்காற்று பட்டாலே பறந்துவிடும். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலையும் சாத்திவிட்டு இருவரும் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தோம். எனக்குத் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். வராந்தாவில் நான் தும்மிய சத்தத்துக்கு உள்ளே நீ சிரித்தாய். உன் சிரிப்பில் ரிப்பன் பறந்தது. "உன் தும்மலே தேவலை" என்றாய்.

எண்ணுவதை நீ செய்யவில்லை. என்னை உட்கார வைத்தாய். எது போன வருஷத்து விரல், எது இந்த வருஷத்து விரல் என்று தெரியாதபடி தகடுகளைக் கலைத்துக் கொடுத்தாய். "எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும். அதனால என் கண்ணை நம்ப முடியாது. நீ எண்ணு" என்றாய். நான் எண்ணிச் சொல்ல நீ குறித்துக்கொண்டாய். பிறகு சேர்த்து வைத்துப் பார்த்தோம். பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஒரு கோடு கூடியிருந்தது. மேற்கு வேலியில் முதலில் வந்தாளே, அவளுக்கு இரண்டு கோடு மூன்றாகியிருந்தது. கல் மேல் உட்கார்ந்து ராஜாங்கம் நடத்திய பெரிய ஆணைவிட இந்தச் சின்ன உடம்புக்காரி மூத்தவள். முதல் கோட்டுக்கு முந்தைய பட்டைதான் எல்லாவற்றிலும் அகலம். பிறந்த வருஷத்திலேயே பெரும்பாதி வளர்ந்துவிடுகிறது. அதன் பிறகு கோடுகள் நெருங்கி நெருங்கி வந்தன.

ஆனால் தெற்கு வேலியில் பிடித்த சிலவற்றுக்கு ஒன்றுக்குப் பதிலாக இரண்டு கோடு, ஒட்டி ஒட்டி விழுந்திருந்தது. நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பேராசிரியர் கேட்டது இதைத்தான். "கொஞ்சம்தானே இருக்குது. சாயம் சரியாப் புடிக்கலைன்னு உட்டுரலாம்" என்றேன். "இருக்கறதை இல்லைன்னு எப்படிச் சொல்றது?" என்றாய். மூன்று நாள் அந்தத் தகடுகளையே திரும்பத் திரும்பப் பார்த்தாய். நான்காம் நாள் மேசையில் என் பக்கம் கிடந்த என் வயிற்றுக் கணக்கைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "தெக்கு வேலியில வயிறு ரெண்டு தடவை காலியா இருந்திருக்குது" என்றாய். பங்குனியில் ஒருமுறை பட்டினி. சித்திரை மழைக்குப் பின் கொஞ்ச நாள் தீனி. மீண்டும் ஆனியில் பட்டினி. மேற்கு வேலியில் மாட்டுத் தொட்டி இருந்ததால் ஈரமும் பூச்சியும் இருந்தது. அங்கே இரண்டாவது பட்டினி வரவில்லை. ஒரே கோடையில் இரண்டு முறை வளர்ச்சி நின்றதால், தெற்கில் மட்டும் இரட்டைக் கோடு. நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்து என் தலையைப் பிடித்து உலுக்கினாய். "உன் வாந்திதான் புள்ள என்னைக் காப்பாத்துச்சு."

வாய்மொழித் தேர்வுக்கு அதே பேராசிரியர்தான் வந்தார். மாமாவும் அத்தையும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை கட்டியிருந்தது ஊதாச் சேலை. உன் அப்பாவும் அம்மாவும் பின்வரிசைக்குப் போனார்கள். மாமா எழுந்து போய், "புள்ளை பேசறதை முன்னால உக்காந்து கேக்கோணுங்க" என்று கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்தார். பேராசிரியர் நேராக இரட்டைக் கோட்டுக்கே வந்தார். நீ சொன்னாய். மச்சை பெரிதாகும்போது முதல் கோடு உள்ளிருந்தே கரைந்து போகாதா என்று கேட்டார். குஞ்சு ஓணானின் முழு எலும்பையும் பெரிய ஓணானின் மச்சை ஓட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாய்; ஓட்டை குஞ்சின் எலும்பைவிடச் சிறியது, முதல் கோடு வரைக்கும் எட்டவே இல்லை. அவர் எழுந்து போய்த் தானே நுண்ணோக்கியில் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, "அப்ப உங்க ஊருக்கு வெயில்தாம்மா பனிக்காலம்" என்றார். மாமாதான் முதலில் கை தட்டினார். எதற்குத் தட்டுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மத்தியானம் எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். தொண்டாமுத்தூரில் வாழைக்குள் யானை புகுந்த கதையை உன் அப்பா சொல்ல, மாமா சாப்பிடுவதை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க காட்டுக்கு யானை வந்தா பாவம், தின்ன ஒண்ணும் கெடைக்காம திரும்பிப் போயிரும்" என்றார். உன் அப்பா அவ்வளவு சத்தமாகச் சிரித்து நீயே பார்த்ததில்லை என்றாய்.

அதன் பிறகு நீ ஒரு கல்லூரியிலும் நான் ஒரு கல்லூரியிலும் வேலைக்குச் சேர்ந்தோம். கல்யாணம், பிள்ளைகள், பரீட்சைத் தாள் திருத்தும் முகாம்கள். முகாமில் ஒரே அறை கேட்டு வாங்கிக்கொள்வோம். பேசிக்கொண்டே திருத்துவோம். அப்படியே போகும் என்று நினைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது நீ பாதியாக இளைத்திருந்தாய். கண் மட்டும் அப்படியே இருந்தது. "நர்ஸு வந்து வயசு என்னன்னு கேட்டுச்சு. ஒரு விரலைக் கொடுக்கறேன், எண்ணிக்கங்கன்னேன். பயந்து ஓடிருச்சு" என்றாய். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். இருமல் வந்துவிட்டது. நான் தண்ணீர் கொடுத்தேன். கிளம்பும்போது வழக்கம்போல "வாரேன்" என்றேன். நீ கையை மட்டும் அசைத்தாய்.

உன்னை அடக்கம் செய்த அன்று சர்ச்சுக்கு மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். மாமா உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. வேகமாக வண்டி ஓட்ட முடிவதில்லை. சாலையோரம் புதரோ வேலியோ கண்ணில் பட்டால் கை தானாக ஆக்சிலேட்டரைத் தளர்த்திவிடுகிறது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். போன வாரம் எங்கள் கல்லூரிக் கணக்கு மேடம் என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தார். வண்டி ஊர்ந்து போவதைப் பார்த்து, "ஏனுங்க, பெட்ரோல் தீர்ந்துபோச்சுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. வேலியப் பாத்துட்டுப் போறேன்."

உன் எலும்புக் கதையை அவரும் என்னிடம் கேட்டிருக்கிறார். கொஞ்ச தூரம் போனதும் என் தோளைத் தட்டினார். "அந்தக் கம்பிமேல ஒருத்தரு உக்காந்து தலையை ஆட்டறாருங்க. அவருக்கு என்ன வயசு இருக்குமுங்க?"

வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன்.